உங்களுக்குத் தெரியுமா? நாள் எண்ண ஒரு மணிமாலை

குடும்பக் கட்டுப்பாடு என்றதும் நமக்குக் காப்பர்-டியும் ஆபரேஷனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சுதந்திர இந்தியாவின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று இயற்கை முறை!

1950களின் தொடக்கத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர் காந்தியவாதியான ராஜ்குமாரி அம்ரித் கௌர். கருத்தடைச் சாதனங்களில் அவருக்கு உடன்பாடில்லை. உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய டாக்டர் ஆபிரகாம் ஸ்டோனின் யோசனைப்படி அன்றைய மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் தில்லி லோதி காலனியிலும் பெண்களுக்குக் கரு தரிக்கும் நாட்களை எண்ண வண்ண மணிமாலை தரப்பட்டது. தொடர்ந்து கடைப்பிடித்தவர்கள் குறைவு.

நாள் எண்ணும் முறையின் இன்றைய கணக்கு இது: மாதவிடாய்ச் சுழற்சி தவறாமல் 26 முதல் 32 நாட்களுக்குள் வரும் பெண்ணுக்கு, விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 8 முதல் 19 வரையான நாட்களில் கரு தரிக்க வாய்ப்பு அதிகம். அந்த 12 நாட்களும் உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை அணிய வேண்டும். சரியாகப் பின்பற்றினாலே ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 5 பேர் கருவுறுகிறார்கள். நடைமுறையில் 12 பேர். கணவர் ஒத்துழைக்காவிட்டால் இந்த முறையே இல்லை. நாள் எண்ணும் பொறுப்பை மனைவி தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். சுழற்சி ஒழுங்கற்றவர்களும் புதிதாகப் பிரசவித்தவர்களும் இதை நம்பாமல் மருத்துவரிடம் வேறு வழி கேட்க வேண்டும்.