டிம்மில் போட்டாலும் எதிர்வண்டி லைட் அடிக்குதா? ஹெட்லைட்டை வீட்டிலேயே செட் பண்ணலாம்!

நாம டிம்லதான் போட்டிருப்போம். ஆனாலும் எதிரில் வர்ற வண்டியெல்லாம் நம்மைப் பார்த்து ‘பளிச் பளிச்’னு லைட் அடிச்சுட்டுப் போகும். சிலருக்கு இதுக்கு நேர்மாறான பிரச்னை. டிம்ல போட்டா ரோடே தெரியலை, பிரைட்லதான் ஓட்ட முடியுதுனு புலம்புவாங்க. ரெண்டு பேருமே அடுத்து செய்யுற வேலை ஒண்ணுதான்... பல்பை மாத்துறது!

ஆனால், பல நேரங்களில் பல்ப் நன்றாகவே இருக்கும். அதிலிருந்து வரும் வெளிச்சம் போகும் கோணம்தான் தப்பாக இருக்கும். சமதளமான ஓர் இடம், ஒரு சுவர், மாஸ்கிங் டேப், அளவு டேப், ஒரு ஸ்க்ரூ டிரைவர். இவை இருந்தால், அரை மணி நேரத்தில் வீட்டு வாசலிலேயே இதைச் சரிசெய்துவிடலாம்.

5 சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது?

லோ பீம், அதாவது நம்ம ஊர் பாஷையில் ‘டிம்’, நேராகப் போவதில்லை. தரையைப் பார்த்துக் கொஞ்சம் சரிந்துதான் போகும். பெரும்பாலான கார்களில் இந்தச் சரிவு சுமார் 1 சதவிகிதம். அதாவது, 1 மீட்டர் தூரம் போனால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு 1 செ.மீ கீழே இறங்கும்.

உங்கள் கார் ஹெட்லைட் தரையிலிருந்து 70 செ.மீ உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1 சதவிகிதச் சரிவில் வெளிச்சம் 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். சரிவு 3 சதவிகிதமானால், 23 மீட்டரிலேயே முடிந்துவிடும். 80 கி.மீ வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். அந்த வெளிச்சம் முடியும் இடத்தில் ஒரு மாடு நின்றால், அதைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு விநாடி போயிடும்.

இப்போ மேலே போற கதைக்கு வருவோம். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புறோம். பின் சீட்டில் மூணு பேர், டிக்கி நிறைய லக்கேஜ். காரின் பின்பக்கம் 5 செ.மீ இறங்கினாலே போதும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர்தான் என்பதால், கார் 2 சதவிகிதம் மூக்கைத் தூக்கிவிடும். 1 சதவிகிதம் கீழே பார்த்த லைட், இப்போது 1 சதவிகிதம் மேலே பார்க்கும். 50 மீட்டரில் அது 120 செ.மீ உயரத்தில் இருக்கும். கிட்டத்தட்ட எதிர் கார் டிரைவரின் கண்ணுக்கு நேரே! இன்னும் கொஞ்சம் தள்ளி வரும் பைக்காரருக்கும் அதே கதிதான்.

கண் கூசிய பிறகு பார்வை பழையபடி திரும்ப சில விநாடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில், அந்தச் சில விநாடிகளில் ஓரமாக நடந்து போகிறவர் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்.

முதலில் அந்தச் சின்ன டயல்!

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன், டேஷ்போர்டைப் பாருங்கள். ஹாலோஜன் ஹெட்லைட் உள்ள பல கார்களில், ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்ன டயல் இருக்கும். எண் கூடக் கூட வெளிச்சம் கீழே இறங்கும். டிரைவர் மட்டும் என்றால் 0. ஆளும் லக்கேஜும் கூடக் கூட 1, 2, 3. வாங்கிய நாளிலிருந்து இதைத் தொடாதவர்களும் உண்டு. துடைக்கும்போது கை பட்டு 3-ல் நிற்பது தெரியாமல், ‘லைட்டே பத்தலை’னு சொல்றவங்களும் உண்டு. சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

காரைத் தயார் செய்யுங்கள்

* நான்கு டயர்களிலும் சரியான அளவு காற்று இருக்கட்டும்.
* டிக்கியில் தேவையில்லாத பாரத்தை இறக்கிவிடுங்கள். டேங்க்கில் பாதியளவு எரிபொருள் இருந்தால் நல்லது.
* டயலை 0-வில் வையுங்கள். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும்.
* ஹெட்லைட்டைத் துடைத்துவிடுங்கள்.
* காரின் நான்கு மூலைகளையும் இரண்டு, மூன்று முறை அழுத்தி விடுங்கள். சஸ்பென்ஷன் இயல்பு நிலைக்கு வந்துவிடும்.

இடம் முக்கியம். வாசலில் மழைத்தண்ணீர் வடிய விட்டிருக்கும் சரிவு, அளவையே மாற்றிவிடும். அப்பார்ட்மென்ட் பார்க்கிங், சிமென்ட் தரை போட்ட மைதானம் என்றால் நல்லது. மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

சுவரில் கோடு போடலாம்

1. காரைச் சுவருக்கு மிக அருகில், நேராக நிறுத்துங்கள். ஒவ்வொரு ஹெட்லைட்டிலும் பல்புக்கு நேரான மையத்தைச் சுவரில் குறியுங்கள். பல லென்ஸ்களில் இதற்கென்றே ஒரு சின்னப் புள்ளி இருக்கும்.

2. இரண்டு குறிகளின் மேலும் செங்குத்தாக டேப் ஒட்டுங்கள். இரண்டையும் இணைத்துக் குறுக்காக ஒரு டேப்.

3. காரை நேராகப் பின்னால் எடுங்கள். ஹெட்லைட்டுக்கும் சுவருக்கும் இடையே சரியாக 5 மீட்டர் இருக்க வேண்டும்.

4. குறுக்கு டேப்புக்கு 5 செ.மீ கீழே இன்னொரு டேப் ஒட்டுங்கள். இதுதான் நம் இலக்கு. ஹெட்லைட்டின் மீதோ, பானெட்டுக்குள் உள்ள ஸ்டிக்கரிலோ 1.2 சதவிகிதம் என்று போட்டிருந்தால், 6 செ.மீ.

5. இருட்டிய பிறகு டிம் லைட்டைப் போடுங்கள். ஒரு ஹெட்லைட்டை அட்டையால் மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அட்டை லென்ஸில் ஒட்டாமல் தள்ளி நிற்கட்டும். ஹாலோஜன் லைட் நன்றாகச் சூடாகும்.

சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஒரு கோடுபோலத் தெரியும். நாம் இடது பக்கம் வண்டி ஓட்டுவதால், வலது பாதி தட்டையாகவும், இடது பாதி மேல்நோக்கி ஏறியும் இருக்கும். எதிரில் வருபவர் கண் கூசக்கூடாது, ஆனால் இடது ஓரத்தில் நடப்பவரும் வழிகாட்டிப் பலகையும் நமக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே இந்த வடிவம்.

ஸ்க்ரூவைத் திருகுங்கள்... மெதுவாக!

பானெட்டைத் திறந்தால், ஹெட்லைட்டின் பின்புறம் திருகும் அமைப்பு இருக்கும். ஒன்று மேலும் கீழும், இன்னொன்று இடமும் வலமும் நகர்த்தும். எது எங்கே என்பது காருக்குக் கார் மாறும். கார் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் சுற்று திருகிவிட்டு, சுவரைப் பாருங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே வந்தால், வேண்டும்போது பழைய இடத்துக்கே திரும்பலாம். தட்டையான பகுதி கீழ் டேப்பின் மேல் உட்கார வேண்டும். வெளிச்சம் ஏறத் தொடங்கும் முனை, செங்குத்து டேப்புக்கு நேராக வர வேண்டும். பிறகு அடுத்த லைட்.

டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் இருக்கும் கார்களில், டிம்மைச் சரிசெய்தாலே பிரைட்டும் சரியாகிவிடும்.

திருகியும் சரியாகலையா?

விளிம்பே தெரியாமல் வெளிச்சம் சிதறினால், பல்ப் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஹாலோஜன் பல்பின் காதுகள் அதற்கான வெட்டுகளில் பொருந்தியிருக்க வேண்டும். ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி பல்பைப் போட்டிருந்தாலும் இதே நிலைதான். ஒளி புறப்படும் இடம் மாறிவிடுவதால், என்ன திருகினாலும் விளிம்பு கிடைக்காது. 100 வாட் பல்ப் போட்டால் வொயரிங்கும் சேர்ந்து சூடாகும்.

லென்ஸ் மஞ்சளாகிவிட்டால், முதலில் பாலிஷ். கையால் அசைத்தால் ஹெட்லைட் ஆடுகிறதா? அதைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்திருக்கும். அதை மாற்றாமல் செட் பண்ணினால், அடுத்த ஸ்பீடு பிரேக்கரிலேயே மாறிவிடும். தானாகக் கோணம் மாற்றிக்கொள்ளும் எல்.இ.டி ஹெட்லைட் என்றால், சர்வீஸ் சென்டர்தான் சரி.

ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் நம்ம ஊரில் உண்டு. அது வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, கோணத்தைத் திருத்தாது.

பல்ப் மாற்றினாலோ, பம்பரில் இடி வாங்கினாலோ மறுபடி ஒருமுறை சுவரில் பார்த்துவிடுங்கள். அடுத்த முறை குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது, சீட் பெல்ட் போட்ட கையோடு அந்த டயலை 2-க்கோ 3-க்கோ திருப்பிவிடுங்கள். எதிரில் வரும் காரிலும் ஒரு குடும்பம் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும்.