புற ஊதா ஒளியும் ரூபாய் நோட்டும்

வங்கியில் நாம் செலுத்தும் ரூபாய் நோட்டைக் காசாளர் சிறியதோர் ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மொழி பழகாத ஊரில், அந்நேரம் நேர்மையாளர் நெஞ்சமும் சற்றே படபடக்கும். அவ்விளக்கு காட்டுவது யாது?

வானவில்லின் ஊதா நிறத்துக்கும் அப்பால் நம் கண்ணுக்குப் புலனாகாத ஒளி உண்டு. அதுவே புற ஊதா ஒளி. கண் காணும் ஒளியைவிட ஆற்றல் மிக்கது. சில பொருள்கள் அதனை ஏற்கும்போது, அவற்றிலுள்ள எலக்ட்ரான்கள் உயர்நிலைக்குத் தாவுகின்றன. அங்கே அவை நிலைத்திருப்பதில்லை. பெற்ற ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, எஞ்சியதை ஒளியாக உமிழ்ந்து, பெரும்பாலும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு கழியுமுன்னரே பழைய நிலைக்கு மீள்கின்றன. முழு ரூபாயை வாங்கிக் கழிவு போகச் சில்லறை தருவது போன்றது இது. வெளிவரும் ஒளி ஆற்றல் குறைந்ததாதலின் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கொயினாக் கரைசலின் நீல ஒளியை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், 1852ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். மற்றப் பொருள்களுள் பெரும்பாலானவை, ஏற்ற ஆற்றல் முழுவதையும் வெப்பமாகவே இழந்துவிடுவதால் ஒளிர்வதில்லை.

இனி நோட்டுக்கு வருவோம். எழுதும் வெள்ளைத் தாளில் பொதுவாக வெண்மையூட்டும் பொருளொன்றைச் சேர்ப்பர். அது புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். பருத்தியாலான நோட்டுத் தாளில் அப்பொருள் இல்லை. ஆகவே தாள் மங்கித் தோன்ற, ஒளிரும் மையால் அச்சிட்ட வரிசை எண்களும் தாளில் பொதிந்த நுண்ணிழைகளும் பளிச்சிடும். தாள் முழுவதும் நீலமாக ஒளிருமாயின் ஐயம் எழுவது இதனாலேயே.

ஆயினும், சட்டைப் பையில் மறந்துவிட்ட நல்ல நோட்டு சலவைக்குப் போய்விடுவதும் உண்டு. சலவைத் தூள்கள் பலவற்றிலும் வெண்மையூட்டும் பொருள் கலந்திருப்பதால், அது படிந்த நோட்டும் நீலமாக ஒளிரக்கூடும். அத்தகைய நோட்டு உங்களிடம் இருந்தால் அஞ்ச வேண்டா. வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால் தெரியும் காந்தியடிகளின் நீர்க்குறி உருவத்தையும், பாதுகாப்பு இழையையும், எண்களின் ஒளிர்வையும் பார்க்குமாறு காசாளரிடம் பணிவுடன் கேளுங்கள். கடை நடத்தும் அன்பர்களும், நீல ஒளியை மட்டும் கண்டு, உழைத்துக் கூலி பெற்ற ஒருவரைக் கள்ளரென்று கருதிவிடலாகாது.