மதியச் சாப்பாடும் ஒரு பாடவேளைதான்

மதிய மணி அடித்ததும் ஜப்பானிய ஆரம்பப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் சில பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொள்கிறார்கள். கை கழுவிவிட்டுப் போய், சோறு, சூப், காய்கறி, பால் எல்லாவற்றையும் வகுப்புக்கு எடுத்து வருகிறார்கள். பரிமாறுவதும் அவர்களே. வகுப்பாசிரியரும் அதே அறையில் அதே சாப்பாட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். பரிமாறும் வேலை முறைவைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது.

அந்நாட்டுக் கல்வித் திட்டம் இந்த நேரத்தை வெறும் இடைவேளையாக வைக்கவில்லை. கற்பித்தலின் ஒரு பகுதியாகவே சேர்த்திருக்கிறது.

தொடக்கம் பசியில்தான். 1889இல் யமகதா மாகாணத்தின் சுருவோகா நகரில், பௌத்தக் கோயில் ஒன்றில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிவாரணமாக வந்த பால்பவுடர் கைகொடுத்தது. 1954இல் பள்ளி உணவுக்கென்றே சட்டம் வந்தது. வெகுகாலம் ரொட்டியே பிரதானம். சோறு முறைப்படி சேர்ந்தது 1976இல்தான்.

வயிறு நிறைந்த பிறகு வேறு கவலை வந்தது. காலை உணவைத் தவிர்க்கும் பிள்ளைகள், கூடும் உடல் எடை, குடும்பத்தோடு சேர்ந்து உண்ணாத வழக்கம். 2005இல் ஜப்பான் உணவுக் கல்விக்கான அடிப்படைச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியும் உருவானது. இவர் பள்ளி உணவையும் கவனிக்கிறார், வகுப்புக்குள் வந்து பாடமும் நடத்துகிறார். ஒருவரே இரண்டையும் செய்வதால், சொல்லும் பாடம் அன்றைய தட்டிலேயே இருக்கிறது.

பாடம் மூன்று நிறங்களில் தொடங்குகிறது. மீன், முட்டை, சோயா, பால் ஆகியவை சிவப்பு, உடலை வளர்ப்பவை. சோறு, ரொட்டி, கிழங்கு, எண்ணெய் மஞ்சள். ஓடியாடத் தெம்பு தருபவை. காய்களும் பழங்களும் பச்சை. உடம்பைச் சீராக வைப்பவை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரதம், வைட்டமின் என்ற பெயர்கள் தேவையில்லை. தன் தட்டில் எந்த நிறம் குறைகிறது என்று அதற்கே தெரிந்துவிடும்.

இரண்டாம் வகுப்பில் பல பள்ளிகளில் பிள்ளைகள் தொட்டியில் குட்டித் தக்காளி வளர்க்கிறார்கள். ஐந்து, ஆறாம் வகுப்புகளில் மனையியல் பாடம் உண்டு; சோறு சமைப்பதையும், மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் சூப் வைப்பதையும் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லோரும் கற்கிறார்கள். இந்த ஏற்பாட்டிலேயே மிகச் சிறந்தது இதுதான்.

துயரமும் நேர்ந்திருக்கிறது. 2012இல் டோக்கியோ பெருநகரப் பகுதியிலுள்ள சோஃபு நகரில், பால் ஒவ்வாமை கொண்ட ஒரு மாணவி பள்ளி உணவுக்குப் பின் இறந்துபோனாள். அதன்பின் ஒவ்வாமை விதிகள் கடுமையாயின. பிள்ளைக்குச் சோறு போடுகிறவர்கள் அந்தப் பிள்ளையின் உடம்பையும் அறிந்திருக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் 1982 முதல் சத்துணவும், 2022 முதல் காலை உணவும் பள்ளிக்கு வருகின்றன. முட்டையும் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் ஏற்கெனவே தட்டில் இருக்கின்றன. அவை எதற்காக அங்கே இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.