உங்களுக்குத் தெரியுமா? வலிப்பு மாத்திரை நரம்பு வலிக்கும் உதவும்!

சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கும், அக்கி ஆறிய பிறகும் விடாத வலிக்கும் எழுதித் தரப்படும் கபாபென்டின், 1993-இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. அக்கி வலிக்கான அனுமதி 2002-இல்தான் கிடைத்தது. பிரீகாபலினும் இதே வகைதான். இவை நரம்பு முனைகளில் கால்சியம் நுழைவதைக் குறைத்து வலிச் சமிக்ஞையைத் தணிக்கின்றன. பாராசிட்டமால் போல உடனே கேட்காது; அளவை மெல்லக் கூட்டி, சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், கால் வீக்கம், எடை கூடுவது ஆகியவை வரலாம். இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவர்கள், கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டே எழுந்திருங்கள். மது கூடவே கூடாது; மூச்சு மந்தமாகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். வலி விட்டதென்று சட்டென நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பே வரலாம்.