முதலாம் ஆண்டு மாணவரிடம் எதைக் கேட்பது?

பொறியியல் கல்லூரியில் காலடி வைத்ததுமே பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்பது, "என்ன ஆகப்போகிறாய்?" என்பதைத்தான். டேட்டா சயின்டிஸ்ட் என்று பதில் சொல்லும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலையில் காலை முதல் மாலை வரை என்ன செய்வார்கள் என்று தெரிந்திருக்க வழியில்லை. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு 2007இல் விடைபெற்றது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என 200க்குப் போடும் கட் ஆஃப்தான் கலந்தாய்வில் இடத்தை முடிவு செய்கிறது. பல வீடுகளில் கட் ஆஃப் வந்த பிறகுதான் லட்சியமே பிறக்கிறது. ஆகவே முதலாம் ஆண்டில் லட்சியத்தைத் துருவுவதைவிட, பள்ளிப் படிப்பிலிருந்து கல்லூரிப் படிப்புக்குப் பிள்ளை கடந்து வந்துவிட்டதா என்று பார்ப்பதே முக்கியம் என்பேன்.

அந்தக் கடப்பு லேசானதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே மேட்ரிக்ஸ், கால்குலஸ், இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம், கூடவே தமிழர் மரபு. அதுவரை கணினியைத் தொட்டுப் பழகாத பிள்ளைக்கு, ஒரு முக்காற்புள்ளி விடுபட்டாலோ ஒரு வரி இடைவெளி மாறித் தொடங்கினாலோ புரோகிராம் ஓட மறுப்பதே பெரிய அதிர்ச்சி. தமிழ்வழியில் படித்தவர்களின் சிக்கல் வேறு. அணிக்கோவைக் கணக்கைத் தண்ணீர் பட்ட பாடாகப் போட்டவர், கரும்பலகையில் 'டிடர்மினன்ட்' என்று பார்த்ததும் ஏதோ புதுப் பாடமென்று மலைக்கிறார். தெரிந்த கணக்குதான், பெயர்தான் தெரியவில்லை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. வாசல் திறந்தாயிற்று, வகுப்பறைக்குள் கைப்பிடி வேண்டும்.

கல்விக்கடன் வாங்கிய குடும்பம் வேலையைப் பற்றி இப்போதே யோசிக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகள் முதலில் சலிப்பது சிஜிபிஏவையும் அரியரையும் வைத்துத்தான். சிஜிபிஏ முதல் செமஸ்டரிலிருந்தே சேரத் தொடங்குகிறது. முதலாண்டுக் கணக்கில் விழுந்த அரியர் அடுத்தடுத்த செமஸ்டரின் படிப்பு நேரத்தையும் தின்றுவிடும். வேலையை நினைத்தே பார்த்தாலும் இப்போதைய வேலை அடிப்படையைத் தேற்றுவதுதான். கம்ப்யூட்டர் படிப்பவருக்கு வேதியியல் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. மின்வாகன பேட்டரியைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம். எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான். மேட்ரிக்ஸ் அப்படியல்ல. கணினிக்குப் படம் என்பது எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய ஓர் அணி. செயற்கை நுண்ணறிவு செய்யும் கணக்கில் பெரும்பகுதி அணிப் பெருக்கல். டேட்டா சயின்ஸ் வேண்டும் என்பவர் வெறுத்து ஒதுக்கும் தாளில்தான் அந்த வேலையின் வேர் இருக்கிறது.

சேர்ந்த புதிதில் அறிமுக வகுப்புகள் என்று சில நாட்கள் ஒதுக்குகிறார்கள். அதில் ஒரு வேளையாவது தன்னம்பிக்கைப் பேச்சாளரை நிறுத்திவிட்டு, அணிக்கோவை என்றால் டிடர்மினன்ட், தொகையிடல் என்றால் இன்டக்ரேஷன் என்று இரண்டு பக்கச் சொற்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைக்கலாம்.