மலை ஏறும் பழைய பிக்கப்: காசை எதில் போடுவது?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே உள்ள ஊருக்கும் மேலே உள்ள மெட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1000 மீட்டர். விடியற்காலையில் இந்தப் பாதையில் ஏறும் ஜீப்புகளிலும் பிக்கப்களிலும் புது வண்டி குறைவு. இரண்டு கை, மூன்று கை மாறி வந்தவைதான் அதிகம். உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்கள் போவதும், ஏலக்காயும் மிளகும் வருவதும், வட்டவடை உருளைக்கிழங்கும் பூண்டும் இறங்குவதும் இந்த வகை வண்டிகளை நம்பித்தான்.

வேறு வழியும் இல்லை. இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. ஒரு காலத்தில் மூணாறில் குண்டலா பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. 1908 முதல் நீராவி எஞ்சின் தேயிலைப் பெட்டிகளை இழுத்தது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போன பிறகு தண்டவாளம் திரும்பப் போடப்படவே இல்லை. பிற்காலத்தில் மலைக்குக் கிடைத்தது ஜீப். மகிந்திரா கம்பெனி 1947ல் வில்லிஸ் ஜீப்புகளை பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் வந்த வண்டிகள் இன்றும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. சரக்குக்கு மட்டும் அந்த இடத்தைப் பிக்கப் பிடித்துக்கொண்டது.

பாலக்காட்டுப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் எல்லாம் சமவெளி. காய்கறி, தேங்காய், சித்தூர் தென்னங்கள் என்று ஓட்டம் அதிகம், ஏற்றம் குறைவு. ஆனால் அதே வண்டி நெம்மாறை வழியாக நெல்லியாம்பதிக்கோ, மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கோ வாடகை பிடித்தால் அன்றைக்கு அதுவும் மலை வண்டிதான்.

இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் யார்? எஸ்டேட்டில் ஓய்வு பெற்று கிராஜுவிட்டி வாங்கிய தொழிலாளி, மகனுக்கு ஒரு தொழில் அமையட்டும் என்று வாங்குகிறார். பி.எப். கடன் போட்டு மைத்துனனுக்கு எடுத்துக் கொடுக்கும் குமாஸ்தா இருக்கிறார். பத்து வருடப் பழைய வண்டியானாலும் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு அதில் போகிறது. வாங்கிய பிறகு கையில் மிஞ்சும் கொஞ்சப் பணத்தை வண்டியில் எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மீன் வண்டியா என்று பாருங்கள்

வாங்கும்போது பெயிண்டைப் பார்த்து ஏமாறுவது சகஜம். பெயிண்டுக்கு அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். கொச்சியிலிருந்தோ பொன்னானியிலிருந்தோ மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீரும் உப்பும் பாடியிலிருந்து வழிந்து சேசிஸில் இறங்கியிருக்கும். அடியில் படுத்து, சேசிஸ் சட்டத்தையும் கமான் பட்டை மாட்டும் பிராக்கெட்டையும் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். அரித்துப்போன இடம் மந்தமாகச் சத்தம் போடும், துரு பத்தையாக உதிரும். அந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலைக்கு ஆகாது.

டயரில் பட்டனைப் பார்த்தால் மட்டும் போதாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் ஆழமாக இருந்தும் வயதான டயர்கள் உண்டு. வெயிலில் நின்றே ரப்பர் வெடித்திருக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறைந்துவிட்டால் ஓட்டக்கூடாது என்பது விதி. ஆனி, ஆடி மழையில் அந்த அளவுக்கு வரும்வரை காத்திருப்பதே தப்பு.

ஒரு பட்டை கூடப் போட்டால்?

வாங்கிய மறுநாளே நடக்கும் வேலை, பின்பக்கம் கமான் பட்டை ஒன்றோ இரண்டோ கூடப் போடுவது. "லோடு தாங்கும்" என்பார்கள். பட்டை தாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டை கூடியதால் ஆக்சிலோ, டயரோ, பிரேக்கோ ஒரு கிலோ கூடத் தாங்கப் போவதில்லை. அவை கம்பெனி போட்டபடியேதான் இருக்கின்றன.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இன்றைய பிக்கப்கள் பலவற்றில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்ன நெம்புகோலோடு ஒரு வால்வு இருக்கிறது. லோடு ஏறினால் பாடி கீழே அழுந்தும், நெம்புகோல் நகரும், பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தம் கூடும். வண்டி காலியாக இருந்தால் பாடி உயர்ந்து நிற்கும். பின் பிரேக் அழுத்தம் குறையும். காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பட்டை கூடப் போட்ட வண்டியில் முழு லோடு ஏற்றினாலும் பாடி அழுந்தாது. வால்வு, வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. அப்போது கூடுதல் சுமையோடு இறங்கும் வண்டியை நிறுத்தும் பொறுப்பு முன் பிரேக் தலையில் விழுகிறது. சமவெளியில் இது தெரியாமல் ஓடிவிடும். வளைவில் தெரியும்.

பட்டை சோர்ந்திருந்தால் அதே கனம், அதே எண்ணிக்கையில் புதுப் பட்டை போடுவதே முறை. வால்வின் நெம்புகோல் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சேறும் மழையும் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை அழுத்தமாகச் சொன்ன வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே வருடம் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி வேலியையும் தடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பிக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலையில் ஒரு பகுதியை முடித்துவிடலாம்.

ஆறு குடம் தண்ணீர் கொதிக்கும் சூடு

சுமையோடு 3000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று 1000 மீட்டர் கீழே இறங்குகிறது. இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதும் சூடாக மாறினால் சுமார் 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரலாம். ஏறக்குறைய ஆறு குடம். இந்தச் சூட்டில் கொஞ்சம் காற்றில் போகிறது. மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்கிறதா, பிரேக் வாங்கிக்கொள்கிறதா என்பது டிரைவர் போடும் கியரைப் பொறுத்தது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் உட்பொருள் இதுதான்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. கியரில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் தானாகச் சுற்ற டீசல் வேண்டும். சாவியையே அணைத்து இறக்குகிறவர்கள் நிலை இன்னும் மோசம். பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம், ஒன்றிரண்டு மிதியோடு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதி தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அழுந்தும், ஆகவே பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. வருடத்தில் பாதி மழையும் மூடுபனியுமாக இருக்கும் பீர்மேடு, தேவிகுளம் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவது ஆடம்பரமல்ல. எந்த வகை என்பது டேங்கின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பேர் போதும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விட வேண்டும். நிப்பிளை மூடிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். பெரும்பாலும் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். சில வண்டிகளில் மேலே சொன்ன வால்விலும் ஒரு நிப்பிள் இருக்கும். அதை மறந்தால் காற்று உள்ளேயே தங்கிவிடும். வீல் சிலிண்டரை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் பிரேக் பிடித்துக்கொள்ளும் அல்லது கசியும். பிரேக் ஆயிலாலேயே துடைத்தால் போதும்.

கிரீஸ் கன் ஒன்று வீட்டில் இருந்தால் புரொப்பெல்லர் ஷாப்ட் கிராஸுக்கும் கமான் ஷேக்கிளுக்கும் நிப்பிள் உள்ள இடத்திலெல்லாம் மாதம் ஒருமுறை அடிக்கலாம். டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி தண்ணீரை வடிப்பது ஐந்து நிமிட வேலை. ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். மூணாறு உயரத்தில் திறந்த தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் எஞ்சின் கொதிக்காமல் ஏறுகிறது.

மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங் பாக்ஸ், வெல்டிங் ஆகியவற்றை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுவதே நல்லது.

ஜாக்கியின் கீழே

லயத்து வாசலில் சமதளம் கிடைப்பது அரிது. சரிவில் ஜாக்கி போட்டு அடியில் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஆயில் சீல் போனால் அறிவிப்பில்லாமல் இறங்கும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். அதற்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லை வைக்கிறார்கள். சுவராகக் கட்டும்போது தாங்கும் அந்தக் கல், ஒரு புள்ளியில் பாரம் விழுந்தால் விரிசல்கூடக் காட்டாமல் நொறுங்கும். ஸ்டாண்டு வாங்க முடியாவிட்டால் கனமான மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது எவ்வளவோ மேல்.

பின்னால் ஆள் ஏற்றினால்

பிக்கப்பின் பின்னால் பலகை போட்டு, தார்ப்பாய் கட்டி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவதையும் சிலர் 'வசதி' என்று செய்கிறார்கள். சரக்கு வண்டியில் பயணியாகப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டியதில்லை என்று 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் உடைமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி, பாலிசியில் சேர்த்த லோடுமேன் ஆகியோர் நிலை வேறு. களை எடுக்கப் போகும் பத்துப் பெண்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். விபத்து நடந்தால் பொறுப்பு வண்டிக்காரர் தலையில் விழும். அவரிடம் அந்த வண்டியைத் தவிர வேறு சொத்து இருக்காது. ஏறுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லை தாண்டிய காகிதம்

தேனியிலோ பொள்ளாச்சியிலோ வாங்கி இடுக்கியிலும் சித்தூரிலும் ஓட்டும் வண்டிகள் ஏராளம். வெளி மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. ஆபீசின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. அது படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யில் பைனான்ஸ் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35ம் சேர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு எப்.சி. வருடா வருடம். மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. பிக்கப்களில் இரண்டு வகையும் இருப்பதால் ஆர்.சி.யில் உள்ள எண்ணைப் படித்துப் பார்த்தே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

விற்றவருக்கும் ஆபத்து இருக்கிறது. வண்டியை விற்றுப் பணம் வாங்கியாயிற்று என்றாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி ஓனர் என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. விற்ற வண்டி மூன்றாவது கைக்குப் போய் விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்கே வரும். அப்படியிருந்தும், கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தையும் சாவியையும் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.