விளக்கொளியில் வளரும் பயிர்

பயிர் வளர்தற்கு நிலமும் நீரும் வேண்டும் என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆயின், மண்ணின்றி ஊட்டநீரிலே செடியை வளர்த்துவிடலாம். ஒளியின்றிப் பச்சைச் செடியை வளர்த்தல் இயலாது. அவ்வொளி ஞாயிற்றினின்றே வருதல் வேண்டுமோ, விளக்கினின்று வரினும் அமையுமோ என்னும் வினா நூறாண்டுக்கு மேற்பட்டது. எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி விளக்குகள் மலிந்துவிட்ட இந்நாளில், அவ்வினா ஆய்வுகூடத்தைக் கடந்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. இவ்விளக்கு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை, வெயிலுக்குக் குறைவில்லாத கீழைக் கடற்கரையை மனத்திற்கொண்டு ஆராய்வது தகும்.

இலையின் பச்சைப் பகுதிகள் ஒளியில் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகின்றன என்பதை இங்கென்ஹவுஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர் 1779 ஆம் ஆண்டிற் காட்டினார். ஒளியில் எந்நிறம் இத்தொழிலுக்கு உதவுகின்றது என்பதை 1882 இல் எங்கெல்மன் என்னும் செருமானியர் நுட்பமாக ஆராய்ந்தார். பாசியிழை ஒன்றின்மீது அரியத்தாற் பிரித்த நிறமாலையை விழச்செய்து, ஒட்சிசனை நாடும் பற்றீரியாக்கள் எவ்விடத்தே திரள்கின்றன என்று நோக்கினார். அவை சிவப்பிலும் நீலத்திலும் மிகுதியாகத் திரண்டன. இதுகொண்டு பச்சை ஒளி வீணெனக் கருதுதல் தவறு. 1972 இல் மக்கிறீ என்பார் 22 பயிரினங்களை அளந்து, பச்சை ஒளியும் ஒளித்தொகுப்பிற்குக் கணிசமாக உதவுவதை நிறுவினார். எனவே, ஊதா நிறம் காட்டும் விலையுயர்ந்த விளக்குத்தான் வேண்டுமென்பதில்லை. சாதாரண வெள்ளை விளக்கும் நாற்றுக்குப் போதும்.

விளக்கொளியிற் பயிர் வளர்க்கும் முயற்சி மின்விளக்கோடு தோன்றியது. வில்லியம் சீமென்ஸ் 1880 இல் வில்விளக்கின் ஒளியிற் செடிகளை வளர்த்து, இலண்டன் வேத்தியற் கழகத்திற்கு அறிவித்தார். வில்விளக்கும் அதன்பின் வந்த இழைவிளக்கும் மின்னாற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக்கின. செடியை அணுக வைத்தால் இலை கருகும்; அகற்றி வைத்தால் ஒளி போதாது. 1962 இல் ஹொலொனியாக் என்பவர் கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் இருவாயியை ஆக்கினார். நீல ஒளி தருவதை ஆக்குதற்கு மேலும் முப்பது ஆண்டு சென்றது. அதனை ஈட்டிய அகசாகி, அமானோ, நக்கமுரா என்னும் மூவருக்கும் 2014 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இவ்விளக்கு மின்னாற்றலில் ஏறக்குறைய அரைப்பங்கை ஒளியாக்குவதால் சூடு குறைவு. இலைக்கு ஓரடி அணித்தாகவும் தொங்கவிடலாம்.

இனி அளவை நோக்குவாம். நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 இலக்சு. யன்னலிலிருந்து சில அடி தள்ளிய அறையிடத்தே சில நூறு இலக்சே உண்டு. மனிதக் கண் தன்னைச் சுருக்கியும் விரித்தும் இசைவித்துக்கொள்வதால் இவ்வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். வீட்டினுள் வைத்த நாற்று வெளிறி நெடுத்துச் சாய்வது இதனாலேயாம்.

இக்குறையை விளக்கால் நிரப்புதற்கு ஆகும் செலவு யாது? ஒரு சதுரமீற்றர் கீரைக்கு 100 வாற்று விளக்கை நாளொன்றுக்கு 16 மணித்தியாலம் எரித்தால் 1.6 அலகு மின்சாரம் செல்லும். முப்பது நாளில் 48 அலகு. விளைவு மூன்று நான்கு கிலோ எனக் கொண்டால், கிலோவுக்கு 12 முதல் 16 அலகு. நெல்லுக்கு 250 வாற்றை 12 மணித்தியாலமாக நூறு நாள் எரிப்பதாகக் கொண்டால், சதுரமீற்றருக்கு 300 அலகு. நல்ல வயலிலே அவ்விடம் தருவது அரைக்கிலோ நெல் அளவே. ஒரு கிலோ நெல்லுக்கு 600 அலகு மின்சாரம்! ஞாயிறோ சதுரமீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 அலகு ஆற்றலை இக்கடற்கரையில் விலையின்றிப் பொழிகின்றது. அமெரிக்காவில் விளக்கொளியிற் கீரை விளைவித்த ஏரோபாம்ஸ் நிறுவனம் 2023 யூனில் கடன்முறிவுப் பாதுகாப்பு வேண்டி நீதிமன்றை நாடியமை, முதல் பெருகிய நாடுகளிலும் இத்தொழில் எளிதன்று என்பதைக் காட்டும்.

அங்ஙனமாயின் இவ்விளக்கு பயனற்றதோ? அன்று. ஞாயிற்றிடம் இல்லாத ஒரு குணம் விளக்கினிடம் உண்டு. அது வேண்டிய பொழுது, வேண்டிய அளவு, வேண்டிய இடத்தே ஒளி தரும். செடிகள் பகலின் நீளத்தை அறிந்தே பூக்கின்றன என்பதைக் கார்னர், அல்லாட் என்னும் இருவர் 1920 இல் வெளியிட்டனர். ஏறக்குறைய 7 பாகை வட அகலக்கோட்டிலுள்ள கோமாரியில் ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்திற்குக் குறைந்த வேறுபாடே உண்டு. அதனையும் உணர்ந்து கதிர் ஈன்றது மாவீ என்னும் பழைய நெல்லினம். இத்தகைய நுண்ணுணர்வை ஆளுதற்கு விளக்கே ஏற்ற கருவி.

இதன் பெரும்பயன் இழைய வளர்ப்பிற் காணப்படுகின்றது. தமிழ்நாட்டில் திண்டுக்கல்லை அடுத்த கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் விளைந்த விருப்பாட்சி, சிறுமலை என்னும் மலைவாழைகளை முடிக்கொத்து நோய் பெரிதும் அழித்தது. இந்நோய் இலங்கையிற் பதிவானது 1913 இல். வைரசு ஒன்றினால் வரும் இந்நோயை அசுவுணிப் பூச்சி பரப்பும். நோயுற்ற தாய்மரத்தின் கன்றை நட்டாலும் பரவும். ஆகவே, தன் தோட்டத்துக் கன்றையே நட்ட உழவர் தம்மை அறியாமலே நோயையும் நட்டனர். கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1993 இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி நிலையமும் வைரசுச் சோதனையில் தேறிய மரங்களைத் தெரிந்து, இழைய வளர்ப்பினாற் கன்றுகளைப் பெருக்க முற்பட்டன.

இழைய வளர்ப்பில், குருத்து நுனியைத் தூய கண்ணாடிக் கலத்தில் ஊட்டக்கூழின்மேல் வைப்பர். கலங்கள் ஏறக்குறைய 25 பாகை செல்சியசு வெப்பமுள்ள அறையில், பெரும்பாலும் நாளுக்கு 16 மணித்தியால விளக்கொளியில், தட்டுத் தட்டாக அடுக்கப்படும். கூழிலுள்ள வெல்லம் உணவளிப்பதால் மிகுந்த ஒளி வேண்டியதில்லை. இலையும் தண்டும் செம்மையாய் உருப்பெறும் அளவே போதும். முன்னர் இவ்வறைகளில் எரிந்தவை ஒளிர்குழாய்கள். இப்பொழுது பல இடங்களில் எல்.ஈ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. ஒரு சிறிய அறையில் ஆயிரக்கணக்கான கன்றுகள் வளரும்; ஒவ்வொன்றும் பின்னர் நிழலிற் பழகி, வெயிலிலே குலை தள்ளும். கன்றொன்றுக்குச் செல்லும் மின்சாரம் சிறிது. அதனால் விளையும் நன்மை பெரிது.

இவ்வுண்மையைக் கோமாரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே கடலையொட்டிய இவ்வூரில், 2004 திசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை உயிரும் உடைமையும் கொண்டது. கடல்நீர் புகுந்த நிலமும் கிணறும் உவர்ப்பேறும் என்பதைக் கீழைக்கரை அன்று கண்டது. வாடைக்காற்றுடன் வரும் மாரியில் வானம் மூடியிருக்கும். கனமழை இளநாற்றை அடித்துச் சாய்க்கும். இத்தகைய இடத்தே மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றை நான்கைந்து கிழமை கூரையின்கீழ் விளக்கொளியில் வளர்த்துப் பின் வெளியே நடுதல் பொருத்தமே. 20 வாற்று விளக்கொன்று நாளுக்கு 14 மணித்தியாலம் எரிந்தால், மாதம் 8.4 அலகே செல்லும். நாற்றை வெளியே கொணரும்போது முதலிற் சில நாள் நிழலில் வைத்து, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். முழுப்பயிரையும் விளக்கின்கீழ் விளைவிக்க முனைவதோ, இலவசமாக வருவதை விலைகொடுத்து வாங்குவதாகும். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நினைவார்க்கு இவ்வெச்சரிக்கை மிகையாகத் தோன்றாது.

எனவே, புதிய கருவியொன்று வருங்கால் அதனை வியந்து வாங்குதலும் வெறுத்து ஒதுக்குதலும் ஒருசேரத் தவறு. கணக்கிட்டுப் பார்த்தலே கல்வி பயந்த முறை. இக்கணக்கைப் பாடசாலை மாணவரும் செய்யலாம். ஒரே விதையை இரு தட்டுகளில் இட்டு, ஒன்றை விளக்கின்கீழும் மற்றொன்றை முற்றத்து நிழற்பந்தரிலும் வைத்து, நாற்றின் உயரம், தண்டின் பருமன், இலையின் எண்ணிக்கை, சென்ற மின்சாரம் ஆகியவற்றை ஒரு மாதம் குறித்து வருவாராயின், எந்நாற்றை எங்கு வளர்ப்பது என்பதைத் தம் ஊர் உழவருக்கு எண்களோடு எடுத்துரைக்க வல்லராவர்.